குயின்ஸில் படுக்கை, கடைத்தெருவில் சாப்பாடு

"மாமி, பிள்ளைகுட்டிகளோடு கண்டிக்கு வருகிறோம். பழைய காலத்து ஹோட்டலாக ஒன்று சொல்லுங்கள். பக்கத்திலேயே பிள்ளைகள் சாப்பிடுகிற மாதிரிக் கடையும் இருக்க வேணும்." லண்டனிலிருந்தும் சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் உறவுக்காரர் எல்லாரும் கேட்பது இதைத்தான். என் பதிலும் மாறுவதில்லை. படுக்கையைப் பழைய ஹோட்டலில் போடுங்கள், சாப்பாட்டைத் தெருவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஏன் பிரிக்கிறீர்கள் என்று கேட்டால்தான் வம்பு. வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவளிடம் ஏன் என்று கேட்கக் கூடாது. கண்டியில் அந்நியருக்குப் படுக்கை போட்ட கை ஒன்று, சோறு போட்ட கை வேறொன்று. இருநூறு வருடமாக அப்படித்தான்.

அதற்கு முந்திய காலத்தில் இரண்டும் ஒரே கையாகத்தான் இருந்தது. அது அரசன் கை. கண்டி ராச்சியத்தில் காசு கொடுத்துத் தங்கும் விடுதி கிடையாது. வழிப்போக்கருக்கு அம்பலம் உண்டு. நாலு பக்கமும் திறந்த மண்டபம், கல்லிலோ மரத்திலோ தூண்கள், சுற்றிலும் உட்கார ஓர் அரைச்சுவர், மேலே ஓட்டுக்கூரை. அரிசியும் சட்டியும் உங்களுடையது, நிழல் ஊருடையது. கொழும்புச் சாலையில் கடுகண்ணாவையில் அப்படி ஒன்று இன்றும் நிற்கிறது. பேருந்தில் வருகிறவர்கள் அதைப் பார்க்காமல் எதிரில் இருக்கும் தேத்தண்ணிக் கடையைத்தான் பார்க்கிறார்கள்.

அந்நியர் வந்தால் கதை வேறு. 1660-ல் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரத்தில் ஆங்கிலக் கப்பலொன்று ஒதுங்கியது. அதன் ஆட்களைப் பிடித்து வரச் செய்தான் இரண்டாம் இராஜசிங்கன். பிடிபட்டவர்களில் ராபர்ட் நொக்ஸ் என்ற இளைஞனும் இருந்தான். சிறைச்சாலை எதுவும் இல்லை. ஊர் ஊராகப் பிரித்துவிட்டார்கள். இவர்களுக்குச் சோறு போடவேண்டியது ஊராரின் கடமை, அது அரச கட்டளை. நொக்ஸ் தொப்பி பின்னி விற்றான், நெல்லை வட்டிக்குக் கொடுத்தான், வீடு கட்டினான். படுக்கை இலவசம், சாப்பாடு இலவசம், வெளியே போகத்தான் அனுமதி இல்லை. 1679-ல் ஓடித் தப்பினான். இரண்டு வருடத்தில் லண்டனில் அவன் புத்தகம் வெளிவந்தது. கண்டியைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த முதல் நீண்ட விவரம் அது. விருந்தோம்பலைப் பற்றி அதைவிட விசித்திரமான புத்தகத்தை நான் வாசித்ததில்லை.

பிறகு வந்த தூதர்களும் அரசனின் விருந்தாளிகளே. 1762-ல் சென்னையிலிருந்து ஜோன் பைபஸ் வந்தார், 1782-ல் ஹியூ பொய்ட் வந்தார். நகருக்கு வெளியே தங்கவைத்து, காக்கவைத்து, நேரம் பார்த்து இரவில் அழைப்பது அரண்மனை வழக்கம். எங்கே தூங்குவது, எப்போது சாப்பிடுவது, எந்த வழியால் போவது என்பதையெல்லாம் அரசன் சொல்லுவான். கண்டியின் கோட்டை மதில் கல்லால் ஆனதல்ல. காடும் கணவாயும் இந்த உபசாரமும் சேர்ந்ததுதான் மதில்.

இன்றைய கண்டியின் முகத்தை வரைந்தவர் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன். பிறந்த பெயர் கண்ணுசாமி, மதுரை வழி வந்த நாயக்கர் குடும்பம். 1798-ல் அரியணை ஏறினார். புத்தரின் பல்லைக் காக்கும் தலதா மாளிகையின் முன்னால் இருந்த வயலை அணைகட்டி ஏரியாக்கியது அவர்தான். தலதா மாளிகையின் எண்கோண மண்டபமான பத்திரிப்புவவும் அவர் காலத்தது. ஏரிக்கரையில் அலைபோல் வளைந்து போகும் அந்த மேகச் சுவர் அவர் காலத்தில் முடியவில்லை, இன்றுவரை முடியவில்லை. ராஜகாரியக் கட்டாய வேலையில் ஏரி வெட்டியவர்கள் அவரை வாழ்த்தியிருக்க மாட்டார்கள். பிரதானிகளும் வாழ்த்தவில்லை. அரசரின் உறவினர் வாழ்ந்த தெருவை இன்றும் மலபார் வீதி என்கிறார்கள். தென்னிந்தியர் எல்லாரையும் அந்நாளில் ஆங்கிலேயர் மலபார்கள் என்றே எழுதினார்கள். 1815 மார்ச் 2-ல் மகுல் மடுவ மண்டபத்தில் கண்டியை ஆங்கிலேயருக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அரசர் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுபோகப்பட்டு 1832-ல் அங்கேயே இறந்தார். சென்னை உறவினருக்கு இதைச் சொல்லும்போது ஒன்று சேர்த்துக்கொள்வேன். நீங்கள் கண்டியில் பார்க்கப்போகும் ஏரியைக் கட்டியவர் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் பாலாற்றங்கரையில் கிடக்கிறார், முத்து மண்டபத்தை ஒருதரம் எட்டிப் பாருங்கள்.

ஏரியும் மாளிகையும் தலதா வீதியும் சந்திக்கிற மூலையில் நிற்பது குயின்ஸ் ஹோட்டல். அந்த இடத்தில் அரசர் காலத்தில் துல்லேவ பிரதானியின் வளவு இருந்தது என்பது ஊரில் வழங்கும் செய்தி. அந்த மூலையின் மதிப்பு முதலில் பிரதானிக்குத் தெரிந்திருக்கிறது, பிறகு வெள்ளைக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. மாளிகையின் திருவிழா ஊர்வலமான பெரஹராவில் யானைகள் திரும்பும் இடம் அது. அரசன் எண்கோண மண்டபத்திலிருந்து ஊரைப் பார்த்தான், ஊர் இந்தப் பக்கத்திலிருந்து அரசனைப் பார்த்தது. அரசன் போனதும் பார்க்கிற இடத்துக்கு வாடகை போட்டார்கள்.

வாடகை கொடுக்க ஆள் வேண்டுமே. அதற்குச் சாலை வந்தது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820-களில் கொழும்பு-கண்டிச் சாலையைக் கடுகண்ணாவைக் கணவாய் வழியாக ஏற்றினார். வேலையை நடத்திய கப்டன் டோசன் 1829-ல் இறந்துபோக, அவர் நினைவாக 1832-ல் எழுப்பிய கோபுரம் கணவாயின் உச்சியில் இருக்கிறது. அதே 1832-ல் தபால் கோச்சு வண்டி ஓடத் தொடங்கியது. பேராதனையில் மகாவலியின் குறுக்கே ஒரே வளைவாக முதிரை மரப்பாலம் போட்டார்கள், அது 1833. பார்ன்ஸ் சாலை போட்ட கையோடு கன்னொருவையில் கோப்பியும் நட்டார். ஜோர்ஜ் பேர்ட் அதற்கும் முன்பே கம்பளைப் பக்கம் சின்னப்பிட்டியில் நட்டிருந்தார். இரண்டு தலைமுறைக்குள் கண்டியைச் சுற்றிய மலைகள் காடு இழந்து கோப்பியாகின.

இந்தக் கோப்பிக்காக இரண்டு வகை ஆட்கள் வந்தார்கள். ஒருவர் குதிரையில் வந்த தோட்டத் துரை. தோட்டத்திலிருந்து ஊருக்கு வந்தால் வங்கி, வைத்தியர், கடிதங்கள், மற்றத் துரைகள், ஒரு குளியல், ஒரு போத்தல் என எல்லாம் கண்டியில்தான். தோட்டத் துரைமாரின் சங்கம் 1854-ல் கண்டியில் தொடங்கியதில் வியப்பில்லை. இந்த ஆளுக்காகத்தான் ஹோட்டல். குயின்ஸுக்கு இன்று 160 வயதுக்கு மேல். சிங்கப்பூர் ராஃபிள்ஸ் 1887-ல் வந்தது, கொழும்பு கோல்ஃபேஸ் 1864. இந்த வரிசையில் எங்கள் மூலை ஹோட்டல் மூத்தவர்களோடு உட்காரும். 1867-ல் ரயில் கண்டிக்கு வந்தபின் துரைகளோடு சுற்றுலாக்காரரும் வந்தார்கள்.

மற்றவர் தோட்டத்தில் கூலிவேலைக்கு வந்த எங்கள் ஆட்கள். இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கமிருந்து தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை என்று கால்நடையாய் ஏறினார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. அவர்களுக்கு இந்த ஊரில் யாரும் கட்டில் போட்டு வைக்கவில்லை. கண்டி அவர்களுக்குத் தாண்டிப்போகிற ஊர். பிற்காலத்தில் மாதத்துக்கு ஒருதரம், சம்பளத்துக்குப் பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை, "டவுனுக்குப் போறேன்" என்று வந்துபோகிற ஊர். டவுனுக்கு வந்தவருக்குப் பசிக்கும், தூக்கம் வராது, பொழுது சாய லயத்துக்குத் திரும்பிவிடுவார். அதனால் அவருக்காக ஏற்பட்டது சாப்பாட்டுக் கடை.

என் தாத்தா மாத்தளைப் பக்கத் தோட்டமொன்றில் துரை பங்களாக் குசினியில் சமையல். துரையோடு கண்டிக்கு வருவார். துரை தங்கியது எந்த ஹோட்டல் என்று தாத்தா பெயர் சொன்னதில்லை, "பெரிய ஹோட்டல்" என்பார். துரை உள்ளே போனதும் தாத்தாவுக்கு விடுமுறை. ஏரிக்கட்டில் கொஞ்ச நேரம், கட்டுக்கலைப் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு, பிறகு கடைத்தெரு. "அங்க உள்ள என்ன சாப்பாடுன்னு எனக்குத் தெரியாதா? நான்தானே தினம் ஆக்கிறேன்" என்று சிரிப்பார். நம் மிளகுத்தண்ணியில் காரத்தை எடுத்துவிட்டுச் சூப்பு, வேகவைத்த உருளைக்கிழங்கு, வாட்டிய ஆடு, கடைசியில் கரமல் புட்டிங். பங்களாவில் ஆக்கியதும் ஹோட்டலில் பரிமாறியதும் ஒரே மெனு. வீட்டை விட்டு ஐயாயிரம் மைல் வந்த ஒருவனின் ஏக்கத்தைத் தீர்க்கச் செய்த சமையல் அது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் கண்டிக்கு வந்து சாப்பிட வேண்டியது அதுவல்ல. பழைய ஹோட்டல்களின் சாப்பாட்டு அறை இன்றும் எங்கேயும் அந்த அடக்கமான கைப்பக்குவத்திலிருந்து முழுக்க விடுபடவில்லை என்பது என் அபிப்பிராயம். காலைச் சாப்பாட்டுக்கு மட்டும் விதிவிலக்கு.

ஆனால் அந்தக் கட்டடம்! அதைக் குறை சொல்லமாட்டேன். வெள்ளைச் சுவர், தெருவோரம் வளைவு வளைவாய்ப் போகும் நடைபாதை, உயரமான கூரை, இரண்டு பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும் அளவு நீண்ட நடை. மரத்தளம் கிறீச்சிடும், குழாய்க்கும் தன் வயது தெரியும். புதுசு வேண்டுமென்றால் மலைமேல் எத்தனையோ இருக்கின்றன, அங்கே போங்கள். மலைமேல் தங்கினால் ஒவ்வொரு வேளைக்கும் முச்சக்கரவண்டி பிடித்து இறங்கி ஏற வேண்டும், அது பிள்ளைகுட்டிக்காரருக்குச் சரிவராது. மூலையில் தங்கினால் எல்லாம் கால்நடைத் தூரம். பின்புறம் நீச்சல் தடாகம் இருக்கிறது, மத்தியான வெயிலில் பிள்ளைகளை அதில் இறக்கிவிடலாம். அறை கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தெருப்பக்க அறையில் காட்சி உண்டு, விடிகாலையிலிருந்தே பேருந்துச் சத்தமும் உண்டு. குழந்தை தூங்க வேண்டுமென்றால் உட்பக்கம் கேளுங்கள்.

ஏரியின் மறுகரையில், சங்கராஜ மாவத்தையில், ஹோட்டல் சுவிஸின் கதை வேறு. ஹரம்பி ஹவுஸ் என்ற பழைய மாளிகையை 1924-ல் ஒரு சுவிஸ் பெண்மணி விருந்தினர் விடுதியாக்கினார், பெயர் அப்படி வந்தது. 1944-ல், இரண்டாம் உலகப் போரின்போது, நேச நாட்டுத் தளபதி மௌன்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தை டெல்லியிலிருந்து பேராதனைப் பூங்காவுக்கு மாற்றினார். மன்னர் மாளிகை எனப்பட்ட பவிலியனில் அவர் இருந்தார், குயின்ஸும் சுவிஸும் அதிகாரிகளால் நிரம்பின. பர்மாப் போரின் பெரிய முடிவுகள் சில இங்கே நடந்த கூட்டங்களில் எடுக்கப்பட்டவை. பூங்காவில் சில ஆயிரம் பேர் வேலை பார்த்தார்கள், அவ்வளவு பேருக்கும் யாரோ சமைத்திருக்கிறார்கள், அந்த யாரோவைப் பற்றி எந்தப் போர்ப் புத்தகத்திலும் ஒரு வரி இல்லை. எனக்கு இது நெடுநாள் மனக்குறை.

இனிக் கடைத்தெரு. தாத்தா போன திசையிலேயே போகலாம்.

தலதா வீதிக்கு முந்திய பெயர் வார்ட் வீதி, ஆளுநர் ஹென்றி வார்டின் பெயர். டி. எஸ். சேனாநாயக்க வீதி முன்பு திருகோணமலை வீதி, கொட்டுகொடெல்ல வீதி முன்பு காசல் வீதி. என் தலைமுறை ஆட்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்வோம், முச்சக்கரவண்டிப் பையன்கள் முழிப்பார்கள். இந்த நாலைந்து தெருக்களில் கோப்பிக் காலத்திலிருந்தே நாட்டுக்கோட்டைச் செட்டியார் கிட்டங்கி, முஸ்லிம் புடவைக்கடை, யாழ்ப்பாணத்தார் சைவக்கடை, சிங்களவர் பேக்கரி எல்லாம் தோளோடு தோளுரசி நின்றன. துரைக்குக் கடன் கொடுத்தது செட்டியார். தமிழில் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை 1882-ல் தொடங்கி, 'அசன்பேயுடைய கதை'யை எழுதிய சித்திலெப்பை இந்த ஊர் வழக்கறிஞர். துரைமாரின் ஊர் என்று புகைப்படங்கள் காட்டுகிற கண்டிக்கு உள்ளே இப்படி ஒரு கண்டி இருந்தது, அது தமிழில் பேசிக் கணக்கெழுதியது.

பிள்ளைகளோடு போக முதலில் பேக்கரி. தலதா வீதியில் டெவன், வைட் ஹவுஸ், பேக் ஹவுஸ் எல்லாம் சில நிமிட நடைக்குள். மாலை நாலு மணிக்குப் போங்கள். மேசையில் தட்டு நிறைய ரோல்ஸ், பட்டீஸ், கட்லட், முக்கோண மீன் பனிஸ் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் நாம் கேட்கவே இல்லையே என்று பதறுவார்கள். பயப்பட ஒன்றுமில்லை. எத்தனை எடுத்தீர்களோ அத்தனைக்கே காசு, மிச்சம் திரும்பிப் போகும். பிள்ளைகளுக்கு இது கொண்டாட்டம், பெற்றோருக்குக் கணக்குப் பயிற்சி. உள்ளே உருளைக்கிழங்கோடு மீனா இறைச்சியா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், சைவக்காரர் 'மரக்கறி ரோல்ஸ்' என்று சொல்லிக் கேட்க வேண்டும்.

இரவுக்கு மணிக்கூட்டுக் கோபுரத்தடி. மகனை விபத்தில் பறிகொடுத்த கண்டி முஸ்லிம் தனவந்தர் ஒருவர் அவன் நினைவாகக் கட்டிக்கொடுத்து 1950-ல் திறந்த கோபுரம் அது. அருகில் கண்டி முஸ்லிம் ஹோட்டல். கொத்து ரொட்டி கொத்தும் இரும்புத் தகட்டுச் சத்தம் சந்தைப் பக்கம் திரும்பும்போதே கேட்கும். பெயரில் ஹோட்டல் இருந்தாலும் படுக்கை தேடாதீர்கள். பராட்டாவும் குழம்பும், கொத்தும், பிரியாணியும், கடைசியில் வட்டிலப்பமும். உறைப்பைக் குறைக்கச் சொன்னால் குறைப்பார்கள், ஆனால் அவர்கள் குறைத்தது லண்டன் பிள்ளைக்கு இன்னும் உறைக்கும். ஒரு முட்டை ரொட்டியும் சீனி போட்ட வாழைப்பழமும் கைவசம் வைத்துக்கொண்டால் அழுகை நிற்கும்.

சைவக்காரருக்கும், உறைப்பு ஆகாத வயிற்றுக்கும், சேனாநாயக்க வீதியில் பாலாஜி தோசை இருக்கிறது. காலை பத்து மணிக்கு உள்ளே பார்த்தால் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை விட்டுவிட்டு வந்த தாய்மார், சாமியார், வெள்ளைக்காரச் சோடி, மலைத்தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த குடும்பம் எல்லாரும் இருப்பார்கள். என் சின்ன வயதில் இந்தத் தெருக்களில் சைவக்கடைகள் இன்னும் நிறைய. பெரிய பித்தளை அண்டா, வாழையிலை, வாசலில் திருநீற்றுத் தட்டு. 1983 ஜூலைக் கலவரத்தில் கண்டியிலும் தமிழர் கடைகள் எரிந்தன. சிலர் திரும்பக் கட்டினார்கள், பலர் தமிழ்நாட்டுக்கோ கனடாவுக்கோ போனார்கள். 2018 மார்ச் கலவரத்தில் திகனைப் பக்கம் எரிந்தவை முஸ்லிம் கடைகள். சாப்பாட்டுக் கடை ஊருக்குள் எல்லாருக்கும் திறந்திருப்பதால் முதலில் அடி விழுவதும் அதற்கே. அடுத்த மாதமே அடுப்புப் பற்றவைக்கிறவர்களும் அந்தக் கடைக்காரர்களே.

1998 ஜனவரியில் தலதா மாளிகை வாசலில் குண்டு வெடித்தது. அதன்பின் மாளிகைக்கு முன்னால் போகும் சாலையை வாகனங்களுக்கு மூடிவிட்டார்கள். கொடிய காரணத்தால் வந்த ஒன்று இன்று பிள்ளைகளுக்குப் பயன்படுகிறது. குயின்ஸ் மூலையைத் தாண்டினால் கையை விட்டுவிட்டு நடக்கலாம். மாலைப் பூசை ஆறரைக்கு, தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு வேண்டும், செருப்பை வெளியே விட வேண்டும். மாளிகைக்குப் பக்கத்தில் நாத தேவாலயம், பத்தினி தேவாலயம், நடுவே ஆங்கிலேயரின் செங்கல் கிறிஸ்தவ ஆலயம். பத்தினி யாரென்று பிள்ளைகள் கேட்டால் கண்ணகி கதையைச் சொல்லுங்கள், வேறு எந்த ஊரில் சிங்கள அம்மா ஒருத்தி கண்ணகிக்குப் பூத்தட்டு ஏந்தி நிற்பதைக் காட்ட முடியும்?

ஒரு பகல் மிச்சமிருந்தால் பேராதனைப் பூங்கா. அலெக்சாண்டர் மூன் 1821-ல் தொடங்கியது, 147 ஏக்கர். இல்லாவிட்டால் ஹந்தானையில் 1925-ல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலையில் இயங்கும் அருங்காட்சியகம். அங்கே இயந்திரங்களையும் இலங்கைத் தேயிலையின் முன்னோடி ஜேம்ஸ் டெய்லரின் பொருட்களையும் பார்த்துவிட்டு மேல்மாடியில் தேநீர் குடிக்கலாம். கொழுந்து பறித்தவர்களைப் பற்றிய பகுதி இயந்திரப் பகுதியளவு பெரியதாக இருந்திருக்கலாம் என்று நான் நினைப்பேன், பிள்ளைகளுக்கு அது நீங்கள் சொல்ல வேண்டிய பாடம்.

பெரஹரா காலத்தில் வருகிறவர்களுக்கு மட்டும் என் பதிலில் ஒரு திருத்தம் உண்டு. எசல மாதத்தில், ஜூலையும் ஆகஸ்டும் சந்திக்கிற நாட்களில், மூலை அறைகளின் விலை பலமடங்காகும், மாதக்கணக்கில் முன்பதிவாகிவிடும். மாடத்தில் ஒரு நாற்காலிக்கும், நடைபாதையில் போடும் நாற்காலிக்கும்கூட விலை. அந்தக் காசைக் கொடுக்காதீர்கள். கும்பல் பெரஹரா ஐந்து இரவு முதலில் வரும், பிறகுதான் ரந்தோலி ஐந்து இரவு. கும்பல் நாட்களில் யானை குறைவு, நெரிசலும் குறைவு, சின்னப் பிள்ளைகளுக்கு அது போதும். ஊரார் மத்தியானத்திலிருந்தே பாய் விரித்து ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள், நீங்களும் ஒரு பாயோடு வாருங்கள். கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னால் தள்ளி உட்காருவார்கள், பிள்ளையை மடியில் வாங்கிக்கொள்வார்கள், முறுக்கும் கொடுப்பார்கள். சோற்றுப் பார்சலை மட்டும் நாலு மணிக்கு முன்னால் கட்டி வாங்கி வையுங்கள். இருட்டினால் பொலிஸ்காரர் வீதியைக் கடக்க விடமாட்டார், கடை அந்தப் பக்கம், நீங்கள் இந்தப் பக்கம்.